வாய்க்காலுக்கு வாட்டம் எந்தப் பக்கம்? தாருஸ்ஸலாம் மாணவர்கள் வரைந்த வரைபடம்

யாரும் சேர்ந்து வரையக்கூடிய இணைய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வாய்க்கால் வரைய ஒரு விதி உண்டு. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகத்தான் கோட்டை இழுக்க வேண்டும். மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிக்க வேண்டும். கணினி முன் உட்கார்ந்து வான்படத்தைப் பார்க்கும் மாணவருக்கு இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் தெரியும். சரி, நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால், மழையில்லாத மாதத்தில் குப்பை அடைத்துக் காய்ந்து கிடக்கும் வாய்க்காலைப் பார்த்து வாட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்தில் குடியிருப்பவரைத்தான் கேட்க வேண்டும். போன மழையில் தண்ணீர் எந்த மூலையிலிருந்து வந்து வீட்டுக்குள் ஏறியது என்பது அவருக்கு மறக்காது.

நான் கல்லூரியில் ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் முறை, பாடம் நடத்துகிறேன். மாணவர்களுக்கு டிஜிட்டல் வரைபடம் சொல்லித்தர நல்ல வழி எது என்று சக ஆசிரியர்கள் கேட்டால், கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரத்தில் நடந்த 'ரமானி ஹுரியா' திட்டத்தைத்தான் எடுத்துச் சொல்வேன். சுவாஹிலி மொழியில் ரமானி என்றால் வரைபடம், ஹுரியா என்றால் கட்டற்றது. அந்தத் திட்டம் எப்படி நடந்தது, அதில் மாணவர்கள் எதைக் கற்றார்கள், எங்கே இடறல் இருந்தது என்பதை ஓர் ஆசிரியரின் கண்ணோடு இங்கே எழுதுகிறேன்.

ஊரும் வெள்ளமும்

தாருஸ்ஸலாம் இந்தியப் பெருங்கடல் ஓரத்துத் துறைமுக நகரம். 2012 கணக்கெடுப்பில் சுமார் 43.6 லட்சம் பேர் இருந்தார்கள். 2022இல் அது சுமார் 53.8 லட்சம். வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மனைப்பிரிவு, தெருத் திட்டம் எதுவும் இல்லாமல் தாங்களாகவே வீடு கட்டிக்கொண்ட பகுதிகளில் இருக்கிறார்கள். தண்டாலே, மன்சேஸே, கிகோகோ, விங்குங்குட்டி, புகுருனி எல்லாம் அப்படி வளர்ந்த பகுதிகள்தாம். தகரக் கூரைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். நடுவில் ஆள் ஒருவர் நடக்கும் அளவுக்குச் சந்து. அந்தச் சந்தின் ஓரத்திலேயே சாக்கடையும் ஓடும்.

ம்சிம்பாசி ஆறு இந்த நகரத்தின் ஊடாக வந்து கடலில் சேர்கிறது. மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. 2011 டிசம்பரில் சில நாள் விடாமல் கொட்டிய மழையில் ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடு இழந்த குடும்பங்களை நகரத்தின் வடக்கே மப்வேபாண்டே என்ற இடத்துக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள்.

எந்த வீடு எங்கே இருக்கிறது, எந்தச் சந்து எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, எந்த வாய்க்கால் எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது என்று காட்டும் வரைபடம் இந்தப் பகுதிகளுக்கு அப்போது இல்லை. நெடுஞ்சாலை வரைபடத்தில் இருக்கும். அதற்குப் பின்னால் லட்சம் பேர் வாழும் இடம் வெறும் வெள்ளையாக இருக்கும். பேரிடர் மேலாண்மை, சுகாதாரம், கழிவுநீர் என்று எந்த வேலைக்குப் போனாலும் அந்த வெள்ளைப் பரப்பில் வந்து நிற்க வேண்டியிருந்தது.

தண்டாலேயில் முதல் முயற்சி

வெள்ளம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 2011 ஆகஸ்டில், தண்டாலே வார்டில் ஒரு சோதனை முயற்சி நடந்தது. கென்யாவின் கிபேரா குடிசைப் பகுதியை அங்கேயே வாழும் இளைஞர்களைக் கொண்டு வரைந்த அனுபவம் உள்ள கிரவுண்ட்ட்ரூத் குழுவினர் பயிற்சி கொடுத்தார்கள். உலக வங்கி ஆதரவு தந்தது. ஆர்தி பல்கலைக்கழகத்தின் நகரத் திட்டமிடல் மாணவர்களும் தண்டாலேவாசிகளும் ஒன்றாக நடந்து தங்கள் ஆறு உட்பிரிவுகளையும் வரைந்தார்கள். ஆர்தி என்ற சொல்லுக்கு நிலம் என்று பொருள். நில அளவை, கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் ஆகியவற்றுக்கென்றே இயங்கும் அந்த நிறுவனம் 2007இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது.

இந்த முதல் முயற்சியில் எனக்குப் பிடித்தது ஜோடி சேர்த்த விதம். திட்டமிடல் படிக்கும் மாணவரும் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவரும் ஒரே ஜிபிஎஸ் கருவியோடு நடந்தார்கள். ஒருவருக்குக் கருவி தெரியும், இன்னொருவருக்குத் தெரு தெரியும். நில அளவை படிப்பவர்களுக்கு நான்கு ஆண்டும் கருவியைத்தான் சொல்லித் தருகிறோம். தெருவைத் தெரிந்தவரிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பாடவேளைகூட ஒதுக்குவதில்லை.

கட்டாயப் பயிற்சிக்குள் நுழைந்த திட்டம்

ரமானி ஹுரியா 2015இல் பெரிய அளவில் தொடங்கியது. தான்சானிய அரசின் அறிவியல் தொழில்நுட்ப ஆணையம், உலக வங்கி, செஞ்சிலுவைச் சங்கம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மனிதநேயக் குழு ஆகியவை சேர்ந்து நடத்தின. ஆர்தியிலிருந்தும் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்திலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். பிறகு பிரிட்டன் அரசின் நிதியோடு நடந்த நகரத் தாங்குதிறன் திட்டத்துக்குள் இரண்டாம் கட்டம் வந்தது. 2017இல் மட்டும் சுமார் 300 மாணவர்கள் களத்தில் இறங்கினார்கள்.

இத்தனை மாணவர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். தான்சானியாவில் இந்தப் படிப்புகளில் நீண்ட விடுமுறையின்போது சுமார் எட்டு வாரம் தொழிற்பயிற்சி கட்டாயம். முடித்துச் சான்று காட்டினால்தான் பட்டம். எங்கே போய்ப் பயிற்சி எடுப்பது என்று மாணவர்கள் அலைவது அங்கும் உண்டு. ரமானி ஹுரியா அந்த எட்டு வாரத்தைப் பிடித்துக்கொண்டது. தன்னார்வலரைத் தேடி அலையவில்லை, பாடத்திட்டத்தில் புதிய தாளைச் சேர்க்கக் கல்விக்குழுவின் முன் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் கட்டாயத்துக்குள் உண்மையான வேலையைக் கொண்டுவந்து வைத்தது. ஒரு நல்ல ஆசிரியரின் ஆர்வத்தில் தொடங்கி அவர் இடமாற்றத்தோடு முடிந்துபோகும் கல்லூரித் திட்டங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்தத் திட்டம் ஆண்டுக்கு ஆண்டு நடந்ததற்கு இந்த ஏற்பாடுதான் முதல் காரணம் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. நீண்ட விடுமுறை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. அது நல்ல வறட்சிக் காலம். வெள்ள வரைபடம் தயாரிக்க வந்த மாணவர்களுக்கு வெள்ளத்தைப் பார்க்கவே வழியில்லை. இந்தக் குறைதான் பாடத்தின் போக்கையே மாற்றியது. கண்ணால் பார்க்க முடியாததால் வாயால் கேட்கும் வேலையாக அது ஆனது.

தகரக் கூரையும் தாளும்

முதலில் டிரோன் பறக்கவிட்டார்கள். ஒரு கிலோகூட எடை இல்லாத, இறக்கை வைத்த சின்ன விமானம். தரையில் சில சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமான படம் கிடைத்தது. செயற்கைக்கோள் படத்தில் சாம்பல் திட்டாக இருந்த இடத்தில் இப்போது கொடியில் காயும் துணிகூடத் தெரிந்தது. மாணவர்கள் ஜோசம் என்ற செயலியில் அந்தப் படத்தை விரித்துக் கூரை கூரையாக வீடுகளை வரைந்தார்கள்.

அங்கேயே முதல் சந்தேகம் வரும். மேலிருந்து பார்த்தால் ஒரே கூரை. அதன் கீழே மூன்று குடும்பம் மூன்று வாசலோடு இருக்கலாம். மூன்று தகரத் துண்டாகத் தெரிவது ஒரே வீட்டில் அவ்வப்போது சேர்த்த நீட்டிப்பாக இருக்கலாம். எங்கே கோட்டை வெட்டுவது? படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கூரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. மாணவர் இறங்கிப் போய் வாசலை எண்ண வேண்டும். வான்படத்திலிருந்து வரைதல் என்று பாடப்புத்தகத்தில் நாலு வரியில் முடிந்துவிடும் விஷயம் இது. களத்தில் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். அந்த நாளைக் கழித்த மாணவருக்குப் 'படவிளக்கம்' என்ற சொல்லின் பொருளைத் தனியாக நடத்த வேண்டியதில்லை.

களத்துக்கு எடுத்துப்போனது பெரும்பாலும் தாள்தான். வரைந்ததைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அச்சிடும் ஃபீல்டு பேப்பர்ஸ் என்ற ஏற்பாடு. ஒவ்வொரு தாளின் மூலையிலும் கியூஆர் குறியீடு இருக்கும். தாளில் பேனாவால் கடை, கழிப்பிடம், தண்ணீர்க் குழாய், பள்ளி என்று குறித்துக்கொண்டு வந்து ஒளிப்படம் எடுத்து ஏற்றினால், அந்தக் குறியீட்டை வைத்து அது பூமியில் எந்த இடம் என்று கணினி பொருத்திக்கொள்ளும். அதன் மேலேயே வரையலாம்.

கைப்பேசி இருக்கும்போது தாள் எதற்கு என்று என் மாணவர்கள் கேட்பார்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். தகரக் கூரைகளுக்கு நடுவே இன்னும் தள்ளும். வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கும் இடத்தில் புள்ளி மூன்றாவது வீட்டில் போய் விழும். அச்சிட்ட படத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இந்தக் கூரை, இந்த முக்கு' என்று குறிப்பதே அங்கே சரியாக வரும். இன்னொரு நன்மையும் உண்டு. தாளை விரித்துவைத்தால் தெருவில் போகிறவர்கள் நின்று குனிந்து பார்ப்பார்கள், விரல் வைத்து இது தப்பு என்பார்கள். கைப்பேசித் திரையை நாலு பேர் சேர்ந்து பார்க்க முடியாது.

டேப் பிடித்து இறங்கியது

இரண்டாம் கட்டத்தில் வாய்க்கால்கள் முக்கிய இடம் பிடித்தன. மாணவர்கள் கைப்பேசிப் படிவத்தோடும் அளவு டேப்போடும் வாய்க்கால் வாய்க்காலாக நடந்தார்கள். அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, கரை சிமெண்டா மண்ணா, எங்கே அடைத்திருக்கிறது என்று துண்டு துண்டாகப் பதிவு செய்தார்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் கல்வெர்ட், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம், இருந்தால் அதையும் அளந்தார்கள்.

வகுப்பில் நான் மிகவும் சிரமப்பட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கருத்து இதற்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு கோடுகள் திரையில் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தால் போதாது. இரண்டும் ஒரே புள்ளியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். மாதிரித் தரவை வைத்து நடத்தும் ஆய்வகத்தில் அந்த இடைவெளியால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஒருமுறை என் வகுப்பில் பாதிக்கு மேல் கோடு சேராத ஒரு பயிற்சிக்கு நானே நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறேன். படம் அழகாக இருந்தது, உள்ளே திறந்து பார்க்கவில்லை. அந்த மாணவிக்கு நான் செய்த அநீதியாகவே இன்றும் அதை நினைக்கிறேன். பிழையைச் சொல்லியிருந்தால் அன்றே கற்றிருப்பாள்.

தாருஸ்ஸலாம் வாய்க்கால் தரவு, தண்ணீர் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் வெள்ள மாதிரிக்குப் போனது. நெதர்லாந்தின் டெல்டாரெஸ் நிறுவனத்து நீரியல் வல்லுநர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். கோடு சேராத இடத்தில் மாதிரியில் தண்ணீர் நின்றுவிடும். தலைகீழாக வரைந்த வாய்க்காலில் தண்ணீர் மேடேறும். கல்வெர்ட்டை விட்டுவிட்டால் சாலை அணையாகிவிடும். பிழை எங்கே என்று ஆசிரியர் சொல்ல வேண்டாம், தண்ணீரே காட்டிக்கொடுக்கும்.

நேர்மாறான பாடமும் ஒன்று இருக்கிறது. வாய்க்கால் கோடு வீட்டுக் கோட்டை வெட்டிக்கொண்டு போனால் ஜோசம் எச்சரிக்கை காட்டும், பிழையாக இருக்கலாம் என்று. ஆய்வகப் பழக்கத்தில் மாணவர் உடனே கோட்டைத் தள்ளி வைத்து எச்சரிக்கையை ஒழித்துவிடுவார். ஆனால் திட்டமில்லாமல் வளர்ந்த பகுதியில் வாய்க்கால் மேலேயே சுவர் எழுப்பியிருப்பது நடக்கக்கூடியதுதான். தெருவைப் பார்த்துவிட்டு வந்தவர் அந்தக் கோட்டைத் தொடமாட்டார். மென்பொருளின் சொல்லுக்கும் தெருவின் சொல்லுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல ஒருவர் பழகுவதை நான் பெரிய கல்வி என்றே சொல்வேன்.

எல்லையும் இடுப்பளவுத் தண்ணீரும்

நகரம் கட்டா என்ற வார்டுகளாகவும், வார்டு ம்டா என்ற உட்பிரிவுகளாகவும் பிரிந்திருக்கிறது. அதற்கும் கீழே ஷினா என்று சில வீடுகள் சேர்ந்த ஓர் அடுக்கு உண்டு. அதற்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார். வெள்ளம் வந்தால் யார் வீட்டில் கிழவி தனியாக இருக்கிறார் என்று தெரிந்தவர் அவர்தான். இந்தச் சின்ன எல்லைகள் ஆட்களின் மனதில்தான் இருந்தன. மாணவர்கள் அச்சிட்ட படத்தை விரித்துவைத்து, பொறுப்பாளர்களோடு உட்கார்ந்தும் கூட நடந்தும் அவற்றை வரைந்தார்கள். அடுத்தடுத்த இருவர் ஒரே வரிசை வீடுகளைத் தம்முடையது என்றால், அல்லது இருவருமே இல்லை என்றால், அவர்களை ஒரே இடத்தில் நிறுத்திப் பேசவைக்க வேண்டும். அதைச் செயலியால் தீர்க்க முடியாது.

வெள்ளம் எதுவரை வந்தது என்பதும் இப்படித்தான் கிடைத்தது. நெடுநாள் குடியிருப்பவர்களைக் கூட்டிப் படத்தின் மேல் வரையச் சொன்னார்கள். இந்த மாதிரிக் கணக்கெடுப்பில் யாரும் சென்டிமீட்டரில் பதில் சொல்வதில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தன் உடம்பைத் தொட்டுத்தான் காட்டுவார்கள். நின்று காட்டுபவர் ஆறடி ஆளா, பத்து வயதுப் பெண்ணா என்று பார்த்து எழுதிக்கொள்ளும் மாணவர் அளவீட்டுப் பிழை என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சேர்ந்த தரவை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இனாசேஃப் என்ற நீட்சியில் இட்டு, இவ்வளவு தண்ணீர் வந்தால் எத்தனை வீடு பாதிக்கும் என்று பார்த்தார்கள். இந்தோனேசியாவின் பேரிடர் முகமையும் ஆஸ்திரேலியாவும் உலக வங்கியும் சேர்ந்து உருவாக்கிய கருவி அது.

சிவப்புப் பெருக்கல் குறி

வரைபடம் எல்லோருக்கும் நல்லது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பரில் ம்சிம்பாசி பள்ளத்தாக்கில் ஆற்றங்கரை வீடுகளை அரசு இடித்தது. இடிக்கப்போகும் வீட்டுச் சுவரில் சிவப்பு வண்ணத்தில் பெருக்கல் குறி போட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றவே இடிக்கிறோம் என்றது அரசு. போக இடம் இல்லை என்றார்கள் குடியிருந்தவர்கள்.

அதைப் பார்த்த ஊரில், கையில் தாளும் கைப்பேசியுமாக வீடு வீடாகக் குறித்துக்கொண்டு வரும் இளைஞர்களைக் கண்டால் ஒரு தாய்க்கு நெஞ்சு பதறாதா? 'எதுக்குப்பா எழுதிக்கிறே' என்ற கேள்விக்கு மாணவரிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும். உட்பிரிவு அலுவலகத்தில் முதலில் அனுமதி வாங்குவது, உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே வருவது, குடியிருப்பவரின் பெயரைப் பொதுவரைபடத்தில் போடாதது எல்லாம் இதனால்தான். வேண்டாம் என்பவரின் வாசலிலிருந்து திரும்பி வரவும் தெரிய வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றியது உலகத்தில் யார் கண்ணுக்கும் தெரியும், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். அதை மாணவரிடம் முதல் நாளே சொல்லாமல் களத்துக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

வரைந்ததில் ஒரு பகுதி அந்தத் தெருவுக்கே திரும்பியது. பெரிய தாளில் அச்சிட்ட வரைபடங்களை வார்டு அலுவலகங்களில் கொடுத்தார்கள். திரட்டும் தரவெல்லாம் எங்கோ ஒரு சேமிப்பகத்துக்குப் போய்விடும் ஆய்வுகளைப் பார்த்துச் சலித்தவள் நான். சுவரில் மாட்டிய அந்தத் தாளுக்கு என் மனதில் தனி இடம் உண்டு.

குறைகள்

எட்டு வாரம் போதாது. மூன்று வாரம் பழகுவதிலேயே போகும். கை தேறிய நேரத்தில் மாணவர் கிளம்பிவிடுவார், அடுத்த ஆண்டு புது அணி. ஒரு வாய்க்காலின் ஆழத்தை ஒருவர் வண்டல் மேலிருந்து அளப்பார், இன்னொருவர் வண்டலைக் குத்திப் பார்த்து அளப்பார். முதல் நாளே எல்லோரையும் ஒரே வாய்க்காலில் இறக்கி அளக்கவிட்டு எண்களை ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் கடைசி வாரத்தில் எதையும் சரிசெய்ய முடியாது. அடைப்பு எங்கே என்ற தரவு அடுத்த மழையோடு பழசாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் போய்ப் புதுப்பிக்கப் பணம் வேண்டும், அது கொடுப்பவரின் கையில் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு நிற்பது என்ன என்று கேட்டால், ஆட்கள் என்பேன். ரமானி ஹுரியாவில் பழகியவர்கள் சேர்ந்து ஓப்பன்மேப் டெவலப்மென்ட் தான்சானியா என்ற உள்ளூர் அமைப்பைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர்களின் இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். ம்சிம்பாசி பள்ளத்தாக்கை என்ன செய்வது என்று 2018இல் அரசும் வல்லுநர்களும் குடியிருப்பவர்களும் கூடித் திட்டம் வகுத்தபோது பேச ஒரு வரைபடம் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2022இல் உலக வங்கி ஒப்புதல் தந்தது.

எங்கள் மாணவர்களின் பயிற்சிக் காலமும் மே, ஜூனில்தான் வருகிறது. வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். இந்த ஆண்டு கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தெருக்களோடு தொடங்குகிறோம். வார்டு உறுப்பினரைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டோம். தெருவிலிருந்து நாலு பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அளவு டேப் நான்கு வாங்கியாகிவிட்டது. முதல் நாள் எல்லோரும் ஒரே வாய்க்காலை அளக்கிறோம்.